வெயிலுக்குப் போன தேன்

தேன் ஊற்றுகிறவர்களுக்கு அவசரம் ஆகாது. எனக்கோ பிறவியிலேயே அவசரம். கல்யாணமாகிக் குமுளிக்கு வந்த புதிதில், பக்கத்து வீட்டு அக்கா டின்னைச் சாய்த்துப் புனலில் தேனை விடுவாள், நான் கீழே பாட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தேன் இறங்கும், இறங்கும், இறங்கிக்கொண்டே இருக்கும். முதலில் எரிச்சல் வரும். கொஞ்ச நேரத்தில் அந்த எரிச்சல் எங்கே போனதென்றே தெரியாது. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்குவதுபோல் ஆகிவிடும். வாசலுக்கு வெளியே மூடுபனி, பனிக்குள் யாரோ இருமிக்கொண்டு போகும் சத்தம், எங்கிருந்தோ பச்சை ஏலக்காய் காயும் வாசனை. பாட்டில் கழுத்து வரைக்கும் நிறைந்ததும் அக்கா என் முழங்காலைத் தட்டுவாள்.

"போதும்த்தா, முழிச்சுக்க. அடுத்த பாட்டில எடு."

எழுபதுகளின் நடுப்பகுதி அது. என் ஊர் பாலக்காட்டுக்குக் கிழக்கே, கோயமுத்தூர் ரோட்டை ஒட்டினாற்போல் இருக்கும் கடலைக் காடு, பனைமரம், செம்மண். அங்கே வெயிலுக்குக் குறைவென்று யாரும் சொல்லக் கேட்டதில்லை. குமுளியில் வெயில் விருந்தாளி மாதிரி, வந்தால் உண்டு. துணி காயாது. தீக்குச்சி பற்றாது. உப்பு ஜாடியில் தண்ணீர் கட்டி நிற்கும். "என்ன ஊருங்க இது, மனுசங்க குடியிருக்கற ஊரா?" என்று கணவரிடம் சண்டைக்குப் போவேன். அவர் ஏலக்காய் மண்டியில் கணக்கு வேலை பார்த்தார். "ஏலக்காய்க்குப் புடிச்ச ஊரு," என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஏலக்காய்க்குப் பிடித்தால் எனக்கென்ன? அந்தக் கோபம் நாள் முழுக்கக் கூடவே இருக்கும்.

பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் தகரக் கூரை போட்ட வீடு எங்களுடையது. வீட்டுக்கு நடுவே பலகைத் தடுப்பு. ஒரு பாதியில் நாங்கள், மறு பாதியில் அக்கா. அவள் கம்பத்துக்காரி. மலையடிவாரத்தில் ஓர் ஊரில் வாழ்க்கைப்பட்டு, கை நீட்டுகிற புருஷனோடு சில வருஷம் இருந்துவிட்டு, ஒரு நாள் விடிகாலை முதல் பஸ்ஸில் ஏறிக் குமுளிக்கு வந்தவள். ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலைக்குப் போனாள். பிறகு, கம்பம்மெட்டுப் பக்கத்து ஏலத் தோட்டங்களில் தேனீப்பெட்டி வைத்திருந்த ஒருவர் ஜீப்பில் அனுப்பும் தேனை வாங்கி, பாட்டிலில் அடைத்து விற்கத் தொடங்கினாள். இதையெல்லாம் அவளே ஒரு முறை சொன்னாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சே எடுத்ததில்லை.

நான் உதவிக்குப் போனது கருணையால் இல்லை. தனியாக உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. அக்காவின் அடுப்படி கொஞ்சம் சூடாக இருக்கும், அதுதான் காரணம்.

பாட்டில்கள் எல்லாம் காலியான பிராந்தி பாட்டில்கள். அந்தக் காலத்தில் தேனுக்கென்று யார் தனியாகப் பாட்டில் செய்தார்கள்? சாக்கு சாக்காக வாங்கி, பழைய லேபிள் ஊறி உரியும்வரை தொட்டியில் போட்டு, மணலும் சோப்புத் தண்ணீரும் விட்டுக் குலுக்கி, வெந்நீரில் அலசி, அடுப்புக்கு மேலே பலகையில் கவிழ்த்து வைக்க வேண்டும். காய்ந்த பிறகு அக்கா ஒவ்வொரு பாட்டிலாக மூக்கில் வைத்துப் பார்ப்பாள். கொஞ்சம் பழைய வாசனை இருந்தாலும் திரும்பத் தொட்டிக்குள் போகும். "இதுல இன்னும் பழைய ஆளு குடியிருக்கான்," என்பாள்.

தேனை மல் துணியில் வடிகட்டி ஊற்றி, கார்க்கை அழுத்தி, மெழுகுவர்த்தியைச் சாய்த்துப் பிடித்துக் கழுத்தைச் சுற்றி மெழுகு சொட்டுவது என் வேலை. அதில் எனக்குக் கை வந்துவிட்டது. மெழுகு சொட்டு சொட்டாக விழுந்து வெளுத்து இறுகுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அந்த நேரத்தில் மட்டும் எனக்கு யார்மீதும் கோபம் இருந்ததில்லை.

அது ஐப்பசி. கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்குப் போகிறவர்கள் தமிழ்நாட்டிலிருந்து மலையேறி வருவார்கள். தை வரைக்கும் குமுளியில் கால் வைக்க இடம் இருக்காது. திரும்பும்போது ஏலக்காயும் மிளகும் தேனும் வாங்கிக்கொண்டு இறங்குவார்கள். அந்தக் கூட்டத்தில் விற்றுவிட்டால் வருஷம் முழுக்கக் கவலையில்லை. பஸ் நிற்கும் இடத்தில் மலைச்சரக்குக் கடை வைத்திருந்த மலையாளத்துச் சேட்டன் முன்தட்டில் இடம் கொடுப்பதாகச் சொன்னார். ஆனால் ஒரு நிபந்தனை.

"பேரு வேணம். விலாசம் வேணம். பேரில்லாத்த சாதனம் ஞான் முன்னில வெக்கில்ல, கேட்டோ."

அன்றைக்கே நான் ஒரு தாளில் எழுதினேன். மேலே 'சுத்தமான ஏலத்தோட்டத் தேன்.' கீழே அக்காவின் பெயர். அதற்கும் கீழே சந்து, வீடு, குமுளி. பள்ளிக்கூடத்தில் என் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள் நான், அந்தப் பெருமை அப்போதும் போகவில்லை.

அச்சடிக்கக் குமுளியில் வசதியில்லை. கம்பத்தில் அக்காவின் அண்ணனுக்குத் தெரிந்த அச்சகம் ஒன்று இருந்தது. அந்த அண்ணன் கம்பத்தில் பாத்திரக்கடை வைத்திருந்தவர். அப்பா இல்லாத வீட்டில் மூத்த பிள்ளை. அவ்வப்போது மலையேறி வந்து தங்கையைப் பார்த்துவிட்டுப் போவார். வந்தால் உள்ளே உட்கார மாட்டார், வாசலிலேயே நின்று பேசுவார். அந்தத் தடவையும் நின்றுகொண்டே, நான் எழுதிய தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"தை வரைக்கும் பாரு தாயி. இந்தத் தேனு ஒன்னயக் காப்பாத்துச்சுன்னா சரி. இல்லேன்னா பேசாம எறங்கி வந்துரு. மாப்பிள்ள வீட்டுல பேசிச் சேத்து வச்சிர்றோம். ஒத்தப் பொம்பளையா எம்புட்டு நாளைக்கு மலையில கெடப்ப?"

அவர் போனபின் அக்கா தொட்டியில் கையை விட்டு, ஏற்கெனவே கழுவிய பாட்டிலையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். அடிக்கிறவனோடு சேர்த்து வைக்க இத்தனை பேர் இருக்கிறார்கள், அடிக்காதே என்று சொல்ல ஒருத்தரைக் காணோம்.

லேபிள்கள் வந்தன. மஞ்சள் தாளில் சிவப்பு எழுத்து, மூலையில் ஒரு பூ. பார்க்க அழகாகத்தான் இருந்தன. ஆனால் அக்காவின் பெயருக்கு முன்னால் 'திருமதி' வந்திருந்தது, இரண்டுக்கும் நடுவில் அவள் புருஷனின் பெயர் முழுசாக, அவள் பெயரைவிடப் பெரிய எழுத்தில். நான் எழுதிக் கொடுத்தது அப்படி இல்லை. அண்ணன்தான் அச்சகத்தில் சேர்க்கச் சொல்லியிருக்கிறார். நான் கத்தத் தொடங்கினேன். அக்கா ஒரு லேபிளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"நாளு நெருங்கிருச்சுத்தா. ஒட்டு," என்றாள்.

மைதா மாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்கத் துளி மயில்துத்தம் கலந்து பசை செய்தோம். ஒட்டினோம். அந்த ஈரக் காற்றில் பசை காயவே இல்லை. ஒட்டிய லேபிள் கைபட்டால் வழுக்கி நகர்ந்தது. நகர்ந்ததைத் திரும்ப நேராக்கி நேராக்கி வைத்தோம். கடைசியில் சேட்டன் கடையின் முன்தட்டில் பாட்டில்கள் வரிசையாக நின்றன. பின்னாலிருந்த விளக்கைப் போட்டால் தட்டு முழுக்கப் பொன்னிறம். கடைக்கு எதிரே, பனியில், ஒன்றும் வாங்காமல் நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ ஒரு நல்ல கனவுக்குள் ஊர் நுழைந்துவிட்டதுபோல் இருந்தது.

அது கார்த்திகைக் குளிர் வரைக்கும்தான். ஒரு காலையில் பாட்டில்களின் அடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. மறுநாள் அது மேலேறியது. சில நாட்களில் பாட்டில் முழுக்க உறைந்து, ரவையை நெய்யில் பிசைந்து அடைத்த மாதிரி ஆகிவிட்டது. கவிழ்த்தால் அசையவில்லை. வாங்கிப் போன உள்ளூர்க்காரர் சிலர் மறுநாளே திரும்பி வந்து, சர்க்கரைப் பாகு என்று சேட்டனிடம் சண்டை போட்டார்கள். அவர் எல்லாவற்றையும் எடுத்துக் கூடையில் போட்டு வைத்துவிட்டார்.

"இது பஞ்சசார அல்ல, எனிக்கு அறியாம். வாங்குந்நவர்க்கு அறியில்லல்லோ," என்றார். அது சர்க்கரை இல்லையென்று அவருக்குத் தெரிந்திருந்தது. "தெளிச்சு கொண்டுவா, வெக்காம்."

குளிரில் உறைவது தேனின் குணம் என்பது அக்காவுக்குத் தெரியும். இளக்குவதற்குச் சூடு வேண்டும். இரண்டு பாட்டில்களை வெந்நீரில் நிறுத்திப் பார்த்தாள். ஒன்று டப்பென்று விரிசல் விட்டுத் தேன் முழுக்க அடுப்புச் சாம்பலில் போயிற்று. அக்கா அந்தச் சாம்பலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அப்போது தை எவ்வளவு பக்கத்தில் இருந்தது என்று இருவருக்கும் தெரியும்.

"எங்கூர்லன்னா மாடியில அரை நாள் வெச்சாப் போதுமுங்க்கா. தண்ணியா ஓடும்," என்றேன்.

"வெயிலுக்கு எங்கிட்டுத்தா போறது?"

கேட்டுவிட்டு அவளே வாசல் பக்கம் திரும்பினாள். எதிரே மலைச்சரிவு, அதற்குக் கீழே பனி. பனிக்கும் கீழே, பஸ்ஸில் ஒரு மணி நேர இறக்கத்தில், கம்பம். அங்கே வருஷம் முழுக்க வெயில். ஆனால் அங்கே அவளுக்கு மொட்டை மாடி என்று இருந்தது அண்ணன் வீட்டு மாடி ஒன்றுதான். எங்கே போகக்கூடாது என்று இந்தப் பாடுபடுகிறாளோ அந்த வீட்டுக்கே, தோற்றுப்போன சரக்கைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். வெகுநேரம் கழித்து எழுந்து கூடைகளில் வைக்கோல் பரப்பத் தொடங்கினாள்.

"நானும் வர்றனுங்க்கா," என்றேன். வெயில் ஆசை, வேறென்ன.

இறங்குகிற வழியில் எல்லைச் சோதனைச் சாவடி. அப்போது தமிழ்நாட்டுப் பக்கம் மதுவிலக்கு. நாங்கள் இரண்டு பேரும் இரண்டு கூடை நிறையப் பிராந்தி பாட்டில்களோடு பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறோம் என்பது, போலீஸ்காரர் ஏறிக் கூடைத் துணியை விலக்கும்வரை எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. பஸ்ஸே திரும்பி எங்களைப் பார்த்தது.

"என்னம்மா இது?"

"தேனுங்கய்யா," என்றாள் அக்கா.

அவர் ஒரு பாட்டிலை எடுத்துக் கவிழ்த்தார். ஒன்றும் நகரவில்லை. மறுபடி நிமிர்த்தினார். காதருகே வைத்துக் குலுக்கினார்.

"இதை எதுக்கும்மா கீழ கொண்டுபோறீங்க?"

"வெயில்ல வைக்கத்தான்யா. சாயங்காலம் மேல கொண்டுவந்துருவோம்."

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மலைக்காற்று இவர்களுக்குத் தலைக்கு ஏறிவிட்டது என்று நினைத்திருப்பார். பாட்டிலை வைக்கோலில் திரும்பப் படுக்க வைத்து, துணியை மூடி, "போங்க," என்றார். பஸ் கிளம்பிய பிறகுதான் எங்களுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு நிற்கவில்லை. அக்கா அப்படிச் சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

வளைவு வளைவாகப் பஸ் இறங்க இறங்கக் காது அடைத்துத் திறந்தது. பனி கிழிந்து கிழிந்து பின்னால் போயிற்று. பிறகு திடீரென்று கீழே பள்ளத்தாக்கு முழுவதும் வெயிலில் கிடந்தது, பச்சை வயலும் வெள்ளித் தண்ணீரும் தென்னையுமாக. முதல் வெயில் கண்ணாடி வழியாக என் மடியில் விழுந்தது. எத்தனை நாளாயிற்று! எனக்கு அழுகை வந்தது, கூச்சமில்லாமல் அழுதேன். அக்கா முந்தானையைக் கொடுத்தாள். அப்புறம் அந்தச் சூட்டில் அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டேன்.

அண்ணன் கடையில் இருந்தார். வீட்டில் அக்காவின் மதினி மட்டும். அவர் மாடிக் கதவைத் திறந்துவிட்டார். தட்டை ஓடு பதித்த மாடித் தரையில் பாட்டில்களை வரிசையாக நிறுத்தினோம். நிறுத்திவிட்டு, படிக்கட்டு நிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

முதலில் ஓரங்கள் இளகின. கண்ணாடியை ஒட்டி ஒரு பொன் கோடு. பிறகு உள்ளே இருந்த வெள்ளைத் திட்டு மெல்லச் சுருங்கி, நடுவில் ஒரு தீவாக மிதந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே காணாமல் போயிற்று. ஒவ்வொரு பாட்டிலின் பின்னாலும் தரையில் ஒரு தேன்நிற வெளிச்சம் விழுந்தது. நான் எழுந்துபோய் அந்த வெளிச்சத்தில் உள்ளங்கையை வைத்தேன். கை இனிக்கும் என்று தோன்றியது. நக்கிப்பார்த்தால் அக்கா சிரிப்பாளே என்று விட்டுவிட்டேன். அன்றைக்கு அந்த மாடியில் நேரம் தேனைப் போலத்தான் போயிற்று.

ஆனால் நாங்கள் ஒன்றை யோசிக்கவில்லை. மெழுகும் வெயிலில் இளகும். கழுத்திலிருந்து மெழுகு வழிந்து, கார்க்குகள் தாமாகவே மேலெழும்பின. அவற்றை ஓடி ஓடி அழுத்திக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று நடந்தது. குமுளியில் அத்தனை நாளும் காயாத பசை கம்பத்து வெயிலில் ஒரேயடியாகக் காய்ந்துவிட்டது. லேபிள்கள் விறைத்து, ஓரம் சுருண்டு, கண்ணாடியை விட்டு ஒவ்வொன்றாக உதிர ஆரம்பித்தன. சின்னச் சத்தம்தான், முருங்கைக்காய் நெற்று வெடிக்கிற மாதிரி. காற்று அவற்றைத் தரையோடு தள்ளிக்கொண்டு போயிற்று. நான் பொறுக்க ஓடினேன். அக்கா எழுந்திருக்கவே இல்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த அண்ணன் மாடிப்படியில் ஏறி வரும்போது அவர் காலடியில் ஒன்று வந்து நின்றது. குனிந்து எடுத்தார். படித்தார். இன்னும் சிலவற்றைப் பொறுக்கிக் கையில் அடுக்கிக்கொண்டு வந்து தங்கையிடம் நீட்டினார்.

"பசையக் காய்ச்சி ஒட்டிக்கிட்டுப் போ தாயி."

"வேணாம்ணே."

"ஏன்?"

"அந்தப் பேருல இருக்குறது என் தேனு இல்ல."

அவர் முகம் சிவந்துவிட்டது. நான் ஒருத்தி இருக்கிறேன் என்றுகூடப் பார்க்கவில்லை.

"புருசன் பேரு இல்லாம ஒத்தப் பொம்பள பேரக் கடைத்தெருவுல வைக்கப் போறியா? போற வாரவன் எல்லாம் எடுத்துப் படிக்கவா?"

"படிக்கத்தாண்ணே லேபிளு."

"தை பொறக்கட்டும். வந்து பேசிக்கிறேன்," என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிடாமலேயே கடைக்குத் திரும்பிப் போய்விட்டார். தெளிந்த தேனை வைக்கோலில் அடுக்கிக்கொண்டு நாங்கள் சாயங்காலப் பஸ்ஸைப் பிடித்தோம். மேலே ஏற ஏறக் குளிர் திரும்பி வந்தது. அக்காவைக் கீழே இழுத்துக்கொண்டு போகப் போகிறார்கள் என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

மறுநாள் உதிர்ந்த லேபிள்களை என் மடியில் வைத்துக்கொண்டு, பின்பக்கம் வெறுமையாகத்தானே இருக்கிறது, அதில் எழுதி ஒட்டலாம் என்றேன். அக்கா தலையாட்டி மறுத்துவிட்டாள்.

"பின்பக்கம் எழுதுனா முன்பக்கம் தேனப் பாத்துல்ல இருக்கும்? தெளிஞ்ச தேனு வழியா அவரு பேரு பெருசாத் தெரியும். உள்ளுக்குள்ள உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பாரு. வேணாம்."

அந்த லேபிள்கள் அடுப்புக்குள் போயின. ஏலக்காய்ச் சாக்குகளில் கட்டுகிற கெட்டிக் காகிதமும், சாக்கில் அடையாளம் எழுதும் கறுப்பு மையும், வெயிலில் உதிராத கோந்தும் மண்டியிலிருந்து வாங்கிவரச் சொல்லிக் கணவரைப் பிடுங்கி எடுத்தேன். அந்த மை மழையில் நனைந்தாலும் அழியாது. சதுரம் சதுரமாக வெட்டி, குச்சியில் தொட்டு எழுத உட்கார்ந்தேன்.

"பேரு எப்படிப் போடட்டுமுங்க்கா? இனிஷியல் என்ன?"

"அப்பா எழுத்தப் போட்டா அண்ணன் கோவிச்சுக்குவாக. அவரு எழுத்தப் போட்டா நான் கோவிச்சுக்குவேன். என் பேர மட்டும் எழுது."

எழுதினேன். முன்னால் ஓர் எழுத்துமில்லாமல் அந்தப் பெயர் தாளின் நடுவில் தனியாக நின்றது. எனக்கே ஒரு மாதிரி இருந்தது. கோவில் கல்வெட்டிலிருந்து ரேஷன் கார்டு வரைக்கும் யாரோ ஒருவர் பெயருக்குப் பின்னால் நிற்கிற மாதிரிதான் எங்கள் பெயர்களைப் பார்த்திருக்கிறேன்.

"கீழ விலாசம் போடு, இந்த வீடு," என்றாள். "அதுக்குக் கீழ இன்னொண்ணு எழுது. குளிரில் உறையும், வெயிலில் இளகும், இது தேனின் குணம்."

"அதெதுக்குங்க்கா நாமளே சொல்லிட்டு?"

"மறைச்சு மறைச்சு இனிமே என்னால முடியாதுத்தா."

சேட்டன் அதைப் படித்துவிட்டுக் கடகடவென்று சிரித்தார். "இதென்னா, தேன் தன்னெ குற்றம் சம்மதிக்குந்நோ?" என்று, தேனே குற்றத்தை ஒப்புக்கொள்வதைக் கேலி செய்தார். ஆனால் தட்டில் வைத்தார். அதிசயம் என்னவென்றால், அந்த மூன்றாவது வரியைத்தான் எல்லோரும் நின்று படித்தார்கள். அந்த வாரக் குளிரில் அடுத்த டின்னிலிருந்து அடைத்த பாட்டில்களும் உறைந்துவிட்டன, அவற்றையும் அப்படியே வைத்தார். கேட்டவர்களிடம், "கீழ எத்தும்போ தானே உருகும், நோக்கிக்கோ," என்றார். ஒன்றிரண்டு பேர் சோதித்துப் பார்க்கவென்றே வாங்கினார்கள். மாலை போட்டவர்கள் எல்லாம் கம்பத்துக்கும் தேனிக்கும் மதுரைக்கும் திரும்பிப் போகிறவர்கள். மலையிறங்கி வீடு போய்ச் சேர்வதற்குள் பாட்டில் தெளிந்துவிடும். வாங்குகிறவனே வெயிலுக்குத்தான் போகிறான் என்பது தெரியாமல், கூடையைத் தூக்கிக்கொண்டு நாங்கள் ஒரு தடவை கீழே போய்விட்டு வந்திருக்கிறோம். இதை நினைத்து நினைத்து இருவரும் சிரித்தோம்.

மார்கழி அப்படி ஓடிப்போயிற்று. பாட்டில் கழுவி, தேன் ஊற்றி, எழுதி, ஒட்டி, மறுநாள் அதையே திரும்பச் செய்து, எது எந்த நாள் என்று தெரியாத ஒரு மயக்கம். என் விரல்களில் எப்போதும் மை. தலைமுடியில் எப்போதும் தேன் வாசனை. பனியைத் திட்டுவதைக்கூட மறந்துவிட்டேன் என்று கணவர் கேலி செய்தார். ஆனால் மாதம் முடியப்போகும்போது, சும்மா இருக்கும்போதெல்லாம் அக்காவின் கண் பஸ் வரும் திசையில் இருந்தது.

போகிக்கு முந்தின நாள். சேட்டன் கடையில் பாட்டில்களை வைத்துவிட்டுத் திரும்பும்போது கம்பம் பஸ் வந்து நின்றது. கூட்டத்தோடு கூட்டமாக அண்ணன் இறங்கினார். சந்து வழியாக ஓடிப்போய், "அக்கா, உங்கண்ணன் வந்துட்டாருங்க்கா," என்றேன். அக்கா புனலில் தேன் விட்டுக்கொண்டிருந்தாள். டின்னைச் சாய்த்த கையை அவள் நிமிர்த்தவில்லை.

"பாட்டிலப் புடி," என்றாள். பிடித்தேன்.

வாசலில் நிழல் விழுந்தது. அண்ணன், அவருக்குப் பின்னால் சுமைக்காரர் ஒருவர். சுமைக்காரர் தோளில் ஒரு கரும்புக்கட்டு, கையில் மஞ்சள் கொத்து. அண்ணன் கையில் புதுப் பித்தளைப் பானை, அதற்குள் பச்சரிசியும் வெல்லமும். அதைப் பார்த்ததும் அக்காவின் முகம் இறுகிப்போயிற்று. அது பொங்கல் சீர். கூடப்பிறந்தவளுக்கு அண்ணன் வருஷா வருஷம் அவள் வாழ்கிற வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது. இவள் மலைக்கு வந்தபிறகும் அவர் அதை நிறுத்தவில்லை. இவள் இல்லாத அந்தப் புருஷன் வீட்டு வாசலில்தான் ஒவ்வொரு வருஷமும் இறக்கி வைத்துவிட்டு வந்தார். ஊருக்கு முன்னால் உறவு அறவில்லை என்று காட்டுவதற்கு.

அக்கா டின்னைக் கீழே வைத்தாள்.

"சீரு எங்கண்ணே கொண்டுபோறீக? என்னையும் கூட்டிக்கிட்டுத்தான் போறீகளா?"

அவர் வாசல் நிலையைப் பார்த்தார், பலகைத் தடுப்பைப் பார்த்தார், காயவைத்திருந்த லேபிள்களைப் பார்த்தார்.

"நம்ம தெருவுல அஞ்சாறு வீட்டுல ஒன் பாட்டிலு நிக்கிது தாயி," என்றார். "மலைக்குப் போனவுக வாங்கியாந்துருக்காக. பிள்ளைகளுக்கு மருந்து கொழைக்கிறாக. கடைக்கு வந்து எங்கிட்டயே ஒன் பேரச் சொல்லி, தேனு நல்லாருக்குங்குறாக. யாரு பொண்டாட்டின்னு ஒருத்தரும் கேக்கல."

பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, நிலையைத் தாண்டி உள்ளே வந்தார். பானையைத் தங்கையின் முன்னால் நீட்டினார்.

"விலாசம் போட்டுருக்கியே. அங்கதான் கொண்டாந்துருக்கேன். வாங்கி வையி."

அக்கா இரண்டு கையிலும் ஒட்டியிருந்த தேனை அவசர அவசரமாகப் புடவையில் துடைத்துக்கொண்டு பானையை வாங்கினாள். அவள் அழவில்லை. நான்தான் பாட்டிலைப் பிடித்தபடியே அழுதேன்.